பெரிய கடை எழும்பிப் போன இடத்தில் யார் கடை போட்டார்?

அண்மையில் கொழும்பிலிருந்து ஓடர் எடுக்க வரும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் எனது கடையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கண்டிக்கு வருபவர்கள் எல்லோரையும் போல அவரும் வியாபாரத்தை இரண்டு நிமிடம் பேசிவிட்டு றகருக்குத் தாவினார். "நானா, ஹொங்கொங் உலகக் கிண்ணத்துக்குப் போகுதாம். எங்கட டீம் எப்பதான் போகும்?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "அவங்களுக்குச் சல்லி இரிக்கி, போறாங்க" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டார்.

அந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. எதிர்வரிசையில் ஒரு கடை முன்னேறினால் நாமும் இப்படித்தான் சொல்லுகிறோம். "அவனுக்கு முதல் இருக்கிறது, அவனுக்கு ஆள் இருக்கிறது." அதோடு நமது கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆகவே இவ்வாரம் விலைவாசியையும் வரியையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஆசியாவின் தகுதிகாண் போட்டியை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்ப்போம். றகரில் ஆர்வமில்லாத வாசகர்களும் கடைசி வரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விடயம் கடைசியில் நமது கல்லாப்பெட்டியருகே வந்து நிற்கும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2027ஆம் ஆண்டு உலகக் கிண்ண றக்பிப் போட்டி அவுஸ்திரேலியாவில். அதுவரை 20 அணிகள் ஆடிய போட்டியை 24 அணிகளாகப் பெருப்பித்தார்கள். 2023இல் பிரான்ஸில் நடந்த உலகக் கிண்ணத்தில் நான்கு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களைப் பெற்ற 12 அணிகளுக்கு நேரடி அனுமதி. மிகுதி 12 இடங்களுக்கும் உலகின் ஒவ்வொரு பிராந்தியமும் தனக்குள் போட்டி நடத்தி அணிகளை அனுப்ப வேண்டும். ஆசியாவில் ஜப்பான் ஏற்கனவே நேரடி அனுமதி பெற்றுவிட்டது. அதனால் ஜப்பான் இல்லாமல் ஆசியாவுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. இரண்டாவதாக வரும் அணிக்கு வெளியே ஆடிப் பார்க்க இன்னுமொரு சந்தர்ப்பம்.

அந்த ஓர் இடத்துக்கு 2025இல் நான்கு அணிகள் மோதின. ஹொங்கொங், தென் கொரியா, ஐக்கிய அரபு இராச்சியம், நான்காவதாக நமது இலங்கை. 2024இல் கொழும்பில் நடந்த முதலாம் பிரிவுப் போட்டியை வென்றுதான் நாம் இந்த மேல்வரிசைக்கு ஏறினோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2025 ஜூலை மாதம் தென் கொரியாவை அதன் சொந்த மண்ணில் 70க்கு 22 என்று தோற்கடித்து ஹொங்கொங் அந்த இடத்தைப் பெற்றது. தன் வரலாற்றில் முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போகிறது. இரண்டாவதாக வந்த அரபு இராச்சியம் ஆபிரிக்காவின் நமீபியாவிடம் தோற்று வெளியேறியது. நமீபியாவுக்கும் அதிர்ஷ்டமில்லை. அவ்வருட நவம்பரில் டுபாயில் நடந்த கடைசிச் சுற்றில் பெல்ஜியத்துடன் 13க்கு 13 எனச் சமநிலையில் முடித்த சமோவா 24ஆவது இடத்தைப் பிடித்தது.

இனி இதற்குப் பின்னால் இருக்கும் சந்தைக் கதைக்கு வருவோம்.

ஆசிய றக்பி என்ற வீதியில் நீண்ட காலம் ஒரே ஒரு பெரிய கடைதான் இருந்தது. அது ஜப்பான். 1987இல் நடந்த முதலாவது உலகக் கிண்ணத்துக்கு அழைப்பின் பேரில் போனது. அதன் பின்னர் 1991 முதல் 2015 வரை ஏழு உலகக் கிண்ணங்களுக்கும் தகுதிகாண் போட்டிகளில் ஆடியே ஜப்பான் போனது. ஆசியாவின் மற்றவர்களுக்கு மிஞ்சியது வேடிக்கை பார்ப்பது மட்டும்தான். 2014இல் அந்தப் போட்டியின் கடைசிச் சுற்றில் நாமும் இருந்தோம். நகோயா நகரில் ஜப்பான் நமக்கு அடித்தது 132 புள்ளிகள். நாம் எடுத்தது 10. மொத்த வியாபாரியின் முன்னால் தள்ளுவண்டிக்காரன் நின்ற மாதிரி.

அப்படிப்பட்ட வீதியில் சின்னக் கடைக்காரன் என்ன நினைப்பான்? "இங்கே முதல் போட்டு என்ன பயன்?" என்றுதான் நினைப்பான். அது நியாயமாகவும் தெரியும். ஆனால் 2015இல் ஒரு விடயம் நடந்தது. இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஜப்பான் தென்னாபிரிக்காவை 34க்கு 32 என்று தோற்கடித்தது. தனது பிரிவில் மூன்றாமிடத்தைப் பெற்று அடுத்த உலகக் கிண்ணத்துக்கு நேரடி அனுமதி பெற்றது. 2019 போட்டியைத் தன் நாட்டிலேயே நடத்தியது. அன்றிலிருந்து ஜப்பான் ஆசியத் தகுதிகாண் போட்டியில் நிற்பதில்லை. பெரிய கடை பிரதான வீதிக்கு எழும்பிப் போய்விட்டது. பழைய இடம் காலி.

காலியான இடம் உடனே ஒருவருக்கும் கிடைக்கவுமில்லை. 2019க்கும் 2023க்கும் ஆசியாவுக்கென்று நேரடி இடம் கொடுக்கப்படவில்லை. ஆசியாவில் முதலாவதாக வருபவர் வெளியே போய் மற்றப் பிராந்தியங்களோடு மோத வேண்டும். ஹொங்கொங் அந்தக் கஷ்டமான வழியிலேயே போனது. 2018இல் குக் தீவுகளை வென்று பிரான்ஸின் மார்செய் நகரில் நடந்த கடைசிச் சுற்றுக்குப் போனது. அங்கே கனடா இடத்தைப் பிடித்தது. 2022இல் தென் கொரியாவை 23க்கு 21 என்று இரண்டே புள்ளிகளால் வென்று, அடுத்து டொங்காவிடம் 44க்கு 22 என்று தோற்றது. அவ்வருட நவம்பரில் டுபாயில் இன்னுமொரு சந்தர்ப்பம். அங்கே போர்த்துக்கல் முந்திக்கொண்டது.

இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பிய அணி இது. மூன்றாவது தடவைதான் வாசல் அகலமாகத் திறந்தது. அணிகள் 24 ஆகின, ஆசியாவுக்கு நேரடி இடம் வந்தது. அந்த வேளையில் ஹொங்கொங் தயாராக நின்றது. இதைத்தான் பக்கத்துக் கடை நண்பர் "சல்லி" என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப் பார்க்கிறார்.

சல்லி இல்லை என்று நான் சொல்லவில்லை. 1976 முதல் நடக்கும் ஹொங்கொங் எழுவர் போட்டி அவர்களுக்கு நல்ல வருமானம். வேலைக்காக வந்து குடியேறிய வெளிநாட்டவர் பலர் அவர்களது அணியில் ஆடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று. பிறப்பாலோ பெற்றோர், பாட்டன் பாட்டி வழியாலோ உரித்தில்லாதவர் ஐந்து வருடம் அந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். ஐந்து வருடம் ஒரு வீரரைத் தக்கவைத்துக்கொள்ள வேலை, வருமானம், பயிற்சி எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பணக்கார நாடுகள்தான் போகும் என்றால் சிம்பாப்வேயை எங்கே வைப்பது? 2009இல் தன் சொந்த நாணயத்தையே கைவிட வேண்டி வந்த நாடு அது. நமது 2022 நெருக்கடியை விடப் பல மடங்கு மோசமான பணவீக்கத்தைக் கண்டவர்கள். நம்மைப் போலவே பாடசாலை றகர் செழித்த நாடு. நம்மைப் போலவே பாடசாலை முடிந்த பிள்ளைகள் வெளிநாடு போய்விடும் நாடு. 2014இல் கடைசிச் சுற்றில் ரஷ்யாவிடம் தோற்று வாய்ப்பை இழந்தார்கள். ஆனால் 2025 ஜூலையில் உகண்டாவின் கம்பாலா நகரில் ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டத்தில் நமீபியாவை 30க்கு 28 என்று வென்று உலகக் கிண்ணத்துக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கடைசியாக ஆடிய உலகக் கிண்ணம் 1991. 2027இல் அவர்கள் களமிறங்கும்போது 36 வருடங்கள் ஆகியிருக்கும். ஆகவே சல்லி இருந்தவனும் போகிறான், இல்லாதவனும் போகிறான்.

அப்படியானால் நமது நிலைமை என்ன? நம்மிடம் ஒன்றுமில்லாமல் இல்லை. 1968இல் ஆசிய றக்பிச் சங்கத்தை ஆரம்பித்த நாடுகளில் ஒன்று அன்றைய சிலோன். 1974இல் ஆசியப் போட்டி கொழும்பில் நடந்தபோது ஜப்பானுக்கு அடுத்த இடம் நமக்கு. முதலாவது ஹொங்கொங் எழுவர் போட்டிக்கு அழைக்கப்பட்டவர்களிலும் நாம் இருந்தோம். வாடிக்கையாளருக்கும் குறைவில்லை. றோயல், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையே 1945 முதல் நடக்கும் பிரட்பி கேடய ஆட்டத்துக்குக் கூடும் சனத்தைப் பாருங்கள். நித்தவெலவில் கண்டிக் கழகம் ஆடும் மாலைகளில் நகரத்தின் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார இடமிருக்காது. மருதானை ஸாஹிராவின் ஆட்டமென்றால் நமது பிள்ளைகள் பஸ் ஏறிப் போவதை நாமறிவோம்.

நல்ல இடத்தில் கடை. பழைய பெயர். வாசலில் சனம். ஆனால் வருட முடிவில் லாபமில்லை. இப்படி ஒரு கடையை வாப்பாவிடமிருந்து பொறுப்பெடுத்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் இருப்பெடுப்போம். நானும் எடுத்துப் பார்த்தேன். மூன்று ஓட்டைகள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, நிர்வாகம். 2023இல் உலக றக்பி அமைப்பு நமது சங்கத்தையே இடைநிறுத்தியது. காரணம் நிர்வாகத்தில் வெளித் தலையீடு. பின்னர் தடை நீங்கியது. ஆனால் பங்காளிகளின் சண்டையில் கடைக்குச் சீல் விழுந்தால் அந்த மாதம் விற்பனை மட்டுமா போகும்? மொத்த வியாபாரி கடன் தர யோசிப்பான், வாடிக்கையாளன் வேறு கடை பழகிவிடுவான்.

இரண்டாவது, நாம் எல்லா முதலையும் ஒரே சரக்கில் போடுகிறோம். பாடசாலை றகருக்கு அனுசரணை, பழைய மாணவர் சங்கப் பணம், தொலைக்காட்சி எல்லாம் உண்டு. பிள்ளைக்குப் பத்தொன்பது வயதானதும் அந்தக் குழாய் மூடிவிடுகிறது. சில கழகங்கள் சிலருக்கு ஏதோ கொடுக்கின்றன. மற்றவர்கள் வேலை தேடிப் போகிறார்கள். தகுதிகாண் போட்டியில் ஆடுவது பாடசாலைப் பிள்ளைகள் அல்லவே! இருபத்தைந்து, இருபத்தெட்டு வயது ஆண்கள். அந்த வயதில் நமது வீரன் எங்கே இருக்கிறான்?

மூன்றாவது ஓட்டை நாம்தான். வியாபாரிகளாகிய நாம். இதில் மற்றவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானே குற்றவாளி.

பல வருடங்களுக்கு முன் எனது கடையில் ஒரு பையன் வேலை செய்தான். பாடசாலை அணியில் ஆடியவன், நல்ல உயரம், சிரித்த முகம். வாடிக்கையாளர்கள் அவனைத் தேடி வந்து சாமான் வாங்குவார்கள். ஒரு கழகத்தில் அவனைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணிக்குப் போக வேண்டும். ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "முதலாளி, மூணு நாளைக்கு வெள்ளனப் போகட்டா?" என்று கேட்டான். அது பெருநாள் வியாபாரக் காலம். "பந்து சோறு போடுமா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. நான்கைந்து மாதத்தில் கட்டாருக்குப் போய்விட்டான்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். அங்கே ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. "அங்க விளையாடுறன் முதலாளி. எங்கட மெனேஜரே நேரத்துக்குப் போகச் சொல்லுவார்" என்றான். குத்திக் காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவன் நாட்டுக்கு ஆடியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆடியிருப்பானா இல்லையா என்பதைப் பார்க்க விடாமல் செய்தது நான்.

ஆசியாவில் 2025இல் இரண்டாவதாக வந்த அரபு இராச்சியத்தின் அணியைப் பாருங்கள். பெரும்பாலும் பிழைப்புத் தேடிப் பல நாடுகளிலிருந்து போனவர்கள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. வேலை கொடுத்தவன் விட்டுக்கொடுத்ததால்தான் அது நடக்கிறது. வளைகுடாவின் முதலாளியால் முடிவது நம்மால் ஏன் முடியாது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனது கடை காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை, வாரத்தில் ஆறு நாள். அறுபது மணித்தியாலம். ஒரு பையன் மூன்று நாள் நான்கு மணிக்குப் போனால் நாம் இழப்பது ஒன்பது மணித்தியாலம். நூற்றுக்குப் பதினைந்து. வருடச் சம்பளத்தில் பார்த்தால் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. பிறகு அவ்வருடம் நினைவு மலர்களுக்கு நான் கொடுத்த விளம்பரப் பணத்தைக் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பாடசாலை, இந்தப் பாடசாலை, பழைய மாணவர் இராப்போசனம், கழகத்தின் ஆண்டு விழா. அதுவும் ஒரு பையனின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது! அந்த மலர்களைப் பார்த்து என் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரை எனக்குத் தெரியாது. பையனைப் பார்த்து வந்தவர்களைத் தெரியும்.

"இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். பாடசாலை வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பாடசாலை விட்ட பிறகும் தொடர்ந்து ஆடுபவர்களைப் போய் விசாரியுங்கள். பொலிஸிலும் முப்படையிலும் ஆடுபவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? அங்கே மாதச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் கிடைப்பதால் அவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். "காயம் பட்டால் யார் பொறுப்பு?" என்ற கேள்விதான் உண்மையான கேள்வி. முழங்கால் சத்திரசிகிச்சைக்கு வீட்டை ஈடு வைத்த குடும்பங்களை நான் அறிவேன். அதற்குப் பதில் காப்புறுதி. லொறிக்குக் காப்புறுதி இல்லாமல் நாம் தெருவில் இறக்குவதில்லை. பிள்ளையை மட்டும் எப்படி இறக்குகிறோம்?

ஆகவே வியாபார நண்பர்களிடம் நான்கு விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, கழகத்தில் ஆடும் ஒரு வீரருக்காவது உங்கள் கடையில் அல்லது களஞ்சியத்தில் வேலை கொடுங்கள். பயிற்சி நேரத்தை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தருமமாகக் கொடுக்க வேண்டாம். சம்பளத்துக்கு வேலை வாங்குங்கள். நாட்டுக்கு ஆடப் போனால் சம்பளத்தை வெட்டாதீர்கள்.

இரண்டு, அனுசரணை கேட்டு வருபவருக்கு ஓர் ஆட்டத்துக்கென்று கொடுக்காமல், அதே தொகையைப் பிரித்து மூன்று வருடத்துக்குக் கொடுங்கள். ஹொங்கொங் 2018இலும் 2022இலும் தோற்றபோது கடையைச் சாத்தியிருந்தால் 2025 வந்திருக்காது. ஒரு தோல்வியோடு ஓடிப்போகும் அனுசரணையாளரால் ஒரு பயனுமில்லை.

மூன்று, கொடுக்கும் பணத்தில் முதல் பங்கு காயக் காப்புறுதிக்கு என்று நிபந்தனை போடுங்கள். மேடைக்கும் மாலைக்கும் மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

நான்கு, கணக்குக் கேளுங்கள். நாம் ஒரு ஷொப்பிங் பேக்குக்கும் பில் கேட்கிறவர்கள். கழகங்களிடமும் சங்கத்திடமும் மட்டும் கேட்க வெட்கப்படுகிறோம். வெளியிலிருந்து வரும் தலையீட்டுக்கு இடம் கொடுப்பது உள்ளே இருக்கும் ஒழுங்கில்லாத கணக்குத்தான்.

இவற்றைச் செய்தால் இலங்கை அடுத்த உலகக் கிண்ணத்துக்குப் போய்விடும் என்று நான் உறுதி தர மாட்டேன். அப்படிச் சொல்பவனை நம்பவும் வேண்டாம். ஹொங்கொங்கே போன பிறகு என்ன பாடுபடப் போகிறது என்பது இனித்தான் தெரியும். அவர்களது பிரிவில் நியூஸிலாந்து, அவுஸ்திரேலியா, சிலி. 2027 ஒக்டோபர் முதலாம் திகதி பேர்த் நகரில் நடக்கும் ஆரம்ப ஆட்டமே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக. பெரிய தோல்வி வரலாம். ஆனால் உலகம் முழுவதும் அன்று அவர்களது ஜேர்சியைப் பார்க்கும். எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாத விளம்பரம் அது.

2031 உலகக் கிண்ணம் அமெரிக்காவில். அதற்கான தகுதிகாண் ஆட்டங்களில் நிற்க வேண்டியவர்களில் பலர் இன்று பாடசாலைச் சீருடையில் இருக்கிறார்கள். சிலர் இப்போதே ஏதாவது ஒரு கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் கடையிலும் அப்படி ஒருவன் இருந்தால், இன்று கடை சாத்துவதற்கு முன் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, பயிற்சி எத்தனை மணிக்கு?"

நான் அதைக் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.